இருமல் வாங்கிய சம்மனசுத் தண்டு

வெட்டினால் வாழும், விட்டால் சாகும். அதன் தண்டை ஊரே தின்றிருக்கிறது, அதன் பூவை ஊரில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. அது என்ன?

வாழை என்று சொல்லாதீர்கள். வாழைப்பூவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், பொரியல் செய்து சாப்பிட்டும் இருக்கிறோம். மூங்கில் என்று சொன்னால் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். ஆனால் மூங்கிலை யாரும் சர்க்கரைப் பாகில் போட்டு, காயவைத்து, கிறிஸ்துமஸ் கேக்கின் தலையில் பச்சைப் பச்சையாகக் குத்தி வைப்பதில்லை. விடை தெரியவில்லையென்றால், கொடைக்கானலையும் தாண்டி மேலே ஏறி, பஸ் போய்த் திரும்புகிற கடைசி ஊரான குருசுமேட்டில் இறங்கி, செசிலியின் தோட்டம் எது என்று கேட்க வேண்டும்.

குருசுமேட்டில் மலைப்பூண்டு விளையும், கேரட் விளையும், பிளம்ஸ் காய்க்கும். சாயங்காலமானால் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து, கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்து, சொந்தக்காரரைப் போல அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். அந்த ஊரில் கன்னியர் மடத்து வெள்ளைக்காரச் சகோதரிகள் ஒரு காலத்தில் கப்பலில் கொண்டுவந்து வைத்த செடி ஒன்று உண்டு. அவர்கள் அதற்கு ஏஞ்சலிகா என்று பேர் சொன்னார்கள். ஏஞ்சல் என்றால் என்ன என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். தேவதூதர் என்று பதில் வந்தது. தேவதூதரை வேதக்காரர்கள், அதாவது ஊர்க் கிறிஸ்தவர்கள், சம்மனசு என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் செடிக்குச் சம்மனசுத் தண்டு என்ற பேர் நிலைத்தது.

சம்மனசுத் தண்டுக்கு நிழல் வேண்டும், குளிர் வேண்டும், கால் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். அதன் தண்டு மனிதர் கைப்பருமனுக்கு வளரும், உள்ளே குழாய் மாதிரி வெற்றாக இருக்கும். இளந்தண்டை வெயில் ஏறுவதற்கு முன்பே அறுத்துவிட வேண்டும், ஏனென்றால் அதன் பால் கையில் பட்டு, பட்ட இடத்தில் வெயிலும் பட்டால், கொப்புளம் கிளம்பும். அறுத்த தண்டை வேகவைத்து, நாரை உரித்து, பாகில் ஊறப்போட்டு, பாகு வற்ற வற்றத் திரும்பக் காய்ச்சி, கடைசியில் சீனி தூவித் தகர டப்பாவில் அடைத்து வைத்தால், டிசம்பரில் டவுன் பேக்கரிக்காரர்கள் வாங்கிப் போவார்கள். இலையைப் புளித்த பிளம்ஸோடு சேர்த்து ஜாம் கிண்டினால் சர்க்கரை குறைவாகச் செலவாகும். வேரைக் காயவைத்துக் கஷாயம் போட்டால் வயிற்றுப் பொருமல் அடங்கும். இதே மாதிரி இலையுள்ள இன்னொரு செடி ஓடைக்கரையில் இருக்கிறது, அது விஷம், ஆகவே குருசுமேட்டுப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கும்போதே, தோட்டத்தில் நட்டதைத் தவிர வேறெதையும் வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்படுவார்கள்.

இந்தச் செடி பூத்தால் விதை விட்டுவிட்டுச் செத்துப்போகும். பூப்பதற்கு முன் தலையை வெட்டிவிட்டால் அடுத்த வருஷமும் துளிர்க்கும். செத்துப்போகிற செடியை யார் விரும்புவார்கள்? மடத்துச் சகோதரிகளும் வெட்டினார்கள், ஊர்க்காரர்களும் வெட்டினார்கள், பக்கத்தில் முளைக்கிற கன்றைப் பிரித்து நட்டே செடியைப் பெருக்கினார்கள், அதனால்தான் பூவை யாரும் பார்த்ததில்லை. வெட்டுவதற்கு ஒரு வழக்கமும் இருந்தது: நட்ட கைதான் தலையை வெட்ட வேண்டும். வேறு கை வெட்டினால் செடி கோபித்துக்கொள்ளும் என்று நம்பினார்கள்.

செசிலியின் மகள் அமலிக்கு ஆறு வயதாக இருந்தபோது அவளும் ஒரு கன்று நட்டாள். குழாயடிக்குப் பக்கத்தில், தண்ணீர் சொட்டுகிற இடத்தில் நட்டாள். வேறெதுவும் செய்ய அவளால் முடியவில்லை. அவள் இருமல்காரப் பிள்ளை. மேகம் ஏறத் தொடங்கியதும் இருமத் தொடங்குவாள், இரண்டு சின்ன இருமல், பிறகு ஒரு நீள இருமல், அதன் கடைசியில் துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறப்பது மாதிரி ஒரு கிறீச்சு. மூச்சு வாங்கி வாங்கி உதடு நீலம் பாயும். படுத்தால் இன்னும் மோசமாகும் என்பதால் சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடிதான் தூங்குவாள். டவுன் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள், சமவெளிக்கு இறங்கிப் போய்விடுங்கள் என்றும் சொன்னார்கள், ஆனால் சமவெளியில் அவர்களுக்கு யாரும் இல்லை. அமலியின் அப்பா ஞானமுத்து பூண்டு லாரியில் போனால் வார இறுதியில்தான் திரும்புவார்.

அடுத்த வருஷம் கன்று தழைத்து நின்றபோது, ஒரு காலையில் செசிலி இலைக்காம்புகளை அறுத்துக்கொண்டிருந்தாள், அமலி கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தாள். அறுத்த இடத்தில் ஒரு துண்டுக் குழாய் வேரோடு நின்றது. ஊதினால் விசில் வருமா என்று பார்க்க அமலி அதில் வாயை வைத்தாள். விசில் வரவில்லை. இருமல் வந்தது. வந்த இருமல் குழாய்க்குள் போனது, போனது திரும்பி வரவில்லை.

“அம்மா, இருமல் உள்ள போயிருச்சு.”

“எதுக்குள்ள?”

“தண்டுக்குள்ள.”

“போனா போகட்டும். நீ மொதல்ல பட்டனைப் போடு.”

அன்று சாயங்காலம் மேகம் ஏறியது. செசிலி வழக்கம்போல வெந்நீர் வைத்தாள். இரண்டு சின்ன இருமல், ஒரு நீள இருமல், ஒரு கிறீச்சு. டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடியவள் மகள் தரையில் மல்லாந்து படுத்துத் தூங்குவதைப் பார்த்தாள். இருமல் தோட்டத்திலிருந்து வந்தது. செசிலி வாசற்படிவரை போய்க் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு அந்த வெந்நீரைத் தானே குடித்தாள்.

மறுநாள் விடிந்ததும் பக்கத்து வீட்டு மதலேன் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

“என்னடி, பிள்ளைய தோட்டத்துலயா படுக்க வச்ச? அங்கருந்து இருமிச்சே.”

“புள்ள உள்ள தூங்குதுக்கா. படுத்துத் தூங்குது.”

“படுத்தா?”

இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அமலி குப்புறப் படுத்து, வாயைப் பிளந்து, எச்சில் வடியத் தூங்கிக்கொண்டிருந்தாள். மதலேன் வீட்டுக்குப் போய், தன் புருஷன் சந்தியாகுவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

“இதுல இருமுங்க.”

“நான் எதுக்குச் செடிகிட்ட போயி...”

“பீடிய விடச் சொன்னேன், விட்டீங்களா? இதையாச்சும் சொன்னதக் கேளுங்க.”

சந்தியாகு குனிந்து இருமினார். அவருடைய இருமல் பழைய லாரி மேடேறுவதுபோலத் தொடங்கி, கடைசியில் யாரோ சொன்னதற்குச் சம்மதிப்பதுபோல “ஹூம்” என்று முடியும். அதுவும் உள்ளே போனது.

அதன் பிறகு ஊரே வந்தது. பூண்டு உரிக்கிற பெண்கள் வந்தார்கள், கேரட் கழுவுகிறவர்கள் வந்தார்கள், டீக்கடை வேலப்பன் கடையைத் திறந்துபோட்டுவிட்டே வந்தார், பஸ் டிரைவர் வண்டியை அணைக்காமல் வந்து இருமிவிட்டுப் போனார். செடிக்குச் சொந்தக்காரி அமலி, ஆகவே அவள் வாளி மேல் உட்கார்ந்து, குழாயின் வாயை ஒவ்வொரு தடவையும் இலையால் துடைக்கச் சொல்லி, முந்திக்கொண்டு வந்தவர்களை வரிசையின் கடைசிக்கு அனுப்பினாள். பங்குச்சாமியார் எரோணிமுஸ், சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று சொல்லி, நெடுநேரம் பார்த்து, யாரும் கவனிக்காதபோது இருமிவிட்டுப் போனார்.

இருமல் இல்லாமல் வாழ்வது சுலபம் என்று நீங்கள் நினைக்கலாம். குருசுமேட்டுக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமையே சாமியாரின் பிரசங்கம் மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தொட்டது, ஏனென்றால் ஜனங்கள் இருமத் தொடங்கும்போது நிறுத்திக்கொள்வதுதான் அவர் வழக்கம், இப்போதோ கோயில் அவ்வளவு அமைதியாக இருந்தது. பூசை முடிந்ததும் வேலப்பன் வாசலில் காத்திருந்தார். அவர் வேதக்காரர் அல்ல, டீ குடிக்க வர வேண்டியவர்கள் வரவில்லையே என்று பார்க்க வந்தவர்.

“சாமி, இன்னும் ஒரு மாசம் இப்படிப் போனா நான் கடைய மூடிட்டு உங்ககிட்ட ஞானஸ்நானம் வாங்க வேண்டியதுதான்.”

“எப்ப நிறுத்தணும்னு தெரியலையே வேலப்பா.”

“நான் வேணா வெளியருந்து டம்ளரத் தட்டுறேன்.”

அப்படியே நடந்தது. டம்ளர் சத்தம் கேட்டால் ஆமென்.

குளியலறைப் பக்கம் போகிறவர்கள் முன்னெல்லாம் ஒரு செருமல் செருமிவிட்டுப் போவார்கள், இப்போது செருமலும் செடிக்குள் போய்விட்டதால் பல வீடுகளில் கூச்சலும் வெட்கமும் உண்டாகி, கடைசியில் ஆளுக்கொரு ஆட்டுமணியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். மாமனார்கள் மணியடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்கள். பஸ்ஸில் கண்டக்டர், “இருமல் செடியெல்லாம் எறங்கு” என்று கூப்பிட்டார். ஆக, கொஞ்ச நாளில் எல்லாம் பழகிவிட்டது.

சாயங்காலம் மேகம் ஏறும்போது செடி இருமும். ஒவ்வொன்றாக, வரிசையாக, அவசரமில்லாமல் இருமும். ஜனங்கள் வேலியோரம் நின்று கேட்டார்கள். “இது நம்ம வேலப்பன்.” “இது சாமியார், பூ மாதிரி இருமுறாரு பாரு.” தன் இருமல் இவ்வளவு அசிங்கமாகவா இருந்தது என்று பூண்டு உரிக்கிற சூசையம்மா வெட்கப்பட்டாள். அமலியின் இருமல் எப்போதும் கடைசியில் வரும். அது வரும்போது பேச்சு நின்றுவிடும். அமலி மட்டும் அதைக் கேட்கமாட்டாள். அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்துச் சரிவில் மற்ற பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருப்பாள். ஓடுவது என்றால் என்ன என்று இவ்வளவு நாள் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை, தெரிந்த பிறகு நடப்பதையே விட்டுவிட்டாள்.

மழைக்காலத்தில் சந்தியாகு பேரிக்காய் மரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். அடக்கம் முடிந்த சாயங்காலம் செடி இருமியது, பழைய லாரி மேடேறியது, “ஹூம்” என்றது. மதலேன் வீட்டுக்குள்ளிருந்து கேட்டாள். எழுந்தாள். வெந்நீர் வைத்தாள், அவர் இருமும்போதெல்லாம் வைத்த மாதிரியே வைத்து, செம்பில் ஊற்றி, தோட்டத்துக்குக் கொண்டுவந்து, மெதுவாக ஆற்றி ஆற்றிச் செடியின் வேரில் ஊற்றினாள். அன்றிலிருந்து தினமும் ஊற்றினாள். யார் அவளைத் தடுப்பார்கள்?

தடுக்கவில்லை, பின்பற்றினார்கள். நம்முடைய இருமலைச் சுமக்கிற செடிக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டாமா என்று ஒருவர் மிளகுக் கஷாயம் கொண்டுவந்து ஊற்றினார், ஒருவர் மஞ்சள் பால் கொண்டுவந்து ஊற்றினார், சூசையம்மா தண்டுக்குத் தைலம் தடவினாள், வேலப்பன் சுக்குக் காப்பியைக் கடையின் பெரிய டம்ளரிலேயே ஊற்றினார். குளிர் வந்ததும் ஆளாளுக்கு மப்ளர் கட்டினார்கள். சிவப்பு மப்ளர், நீல மப்ளர், சாமியாரின் கறுப்பு மப்ளர். தூரத்திலிருந்து பார்த்தால் வேட்டி கட்டாத ஒரு ஆள் நிறையப் போர்த்திக்கொண்டு குழாயடியில் நிற்பதுபோல இருக்கும்.

முதல் வருஷம் மொட்டுத் தலை காட்டியபோது அமலி வெட்டினாள். அடுத்த வருஷமும் வெட்டினாள். வெட்டுவதற்கு யாரும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. செடி செத்தால் இருமல் எல்லாம் எங்கே போகும்? வந்த இடத்துக்குத்தான் போகும், அதுவும் ஒரே நாளில் போகும் என்று ஊர் நம்பியது.

மூன்றாம் கோடையில் செடி மஞ்சளாகிவிட்டது. அடியிலைகள் அழுகி விழுந்தன. வேரைச் சுற்றி மண் பாலாடையும் மிளகுமாக இறுகி, எறும்பு புற்று வைத்திருந்தது. இருமல்கள் மெலிந்து, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் செடிக்கு நெடுநேரம் மூச்சு இளைத்தது. இருந்தும் மப்ளர்களுக்கு மேலே ஒரு தண்டை நீட்டி, அதன் நுனியில் முட்டைபோல மூடிய ஒரு மொட்டைத் தூக்கிப் பிடித்திருந்தது.

ஒரு சாயங்காலம் முதல்முறையாக அமலி விளையாடப் போகாமல் வாளி மேல் உட்கார்ந்து கடைசிவரைக்கும் கேட்டாள். இரண்டு சின்ன இருமல், ஒரு நீள இருமல். கிறீச்சு வரவில்லை. அதற்கு வேண்டிய மூச்சு செடியிடம் இல்லை.

“அம்மா, இதுக்கு முடியல.”

“அதான் வெட்டணும்கிறேன். பூவுக்குப் போற சத்து வேருக்குப் போகட்டும்.”

“எனக்கு இப்படித்தான் இருந்துச்சா?”

செசிலி எழுந்தாள். கத்தியைத் தீட்டுகிற கல்லை எடுத்துவரப் போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம், ஞானமுத்துவும் லாரியிலிருந்து இறங்கி வந்த பிறகு, வெட்டுவதென்று முடிவாயிற்று. ஊர் வேலிக்கு வெளியே கூடியது. மதலேன் செம்போடு நின்றாள். செசிலி கத்தியை மகள் கையில் கொடுத்தாள்.

அமலி முதலில் மப்ளர்களை அவிழ்த்தாள். ஒவ்வொன்றாக அவிழ்த்து அந்தந்த ஆளிடம் கொடுத்தாள். “எனக்கு மூச்சு முட்டும்போது நீங்க எல்லாம் சுத்தி நின்னு போர்த்துவீங்க,” என்றாள். “நான் ஜன்னலத் தொறக்கச் சொல்லணும்னு நெனப்பேன். சொல்ல மூச்சு இருக்காது.”

பிறகு கத்தியை வாளி மேல் வைத்துவிட்டு, குனிந்து, குழாயில் வாயை வைத்து, மூச்சை உள்ளே இழுத்தாள்.

“அடியே, என்ன பண்ற!” செசிலி பாய்ந்தாள். ஞானமுத்து அவள் தோளைப் பிடித்தார்.

அமலி நிமிர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இருமல் வந்தது. இரண்டு சின்னது, ஒரு நீளமானது, கிறீச்சு. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தது. அடுத்தது வரவில்லை. அவள் தொண்டையைத் தடவிப் பார்த்து, போன வருஷத்துக் கவுனை மாட்டிப் பார்த்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்:

“சின்னதாயிருச்சும்மா.”

இருமல் சின்னதாகவில்லை. அது அந்த ஏழு வயதுப் பிள்ளையின் இருமலாகவே இருந்தது. அமலிதான் ஓடி ஓடி வளர்ந்துவிட்டாள், அவள் நெஞ்சுக்கூட்டில் அது ஒரு மூலையில் உட்கார்ந்து, இடம் பெரிதாக இருப்பதைப் பார்த்து, மரியாதையாக அடங்கிவிட்டது. செசிலி மகளின் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். மூச்சு மெல்லிய சீட்டியோடு போய்ப் போய் வந்தது. நீலம் பாயவில்லை. செசிலி அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே, “பட்டனைப் போடுடி,” என்றாள்.

வேலப்பன்தான் அடுத்து வந்தார். “ஏழு வயசுலேருந்து வளந்த புள்ளைக்கு அது சின்னதாயிருச்சு, சரி. எனக்கு வயசு ஏறி உடம்பு சுருங்கிப் போச்சே, பெரிசா இருந்தா என்ன செய்ய?” என்று கேட்டுக்கொண்டே இழுத்தார். இருமினார். அது அப்படியே பழைய அளவில் இருந்தது, “அட, நம்மளுது,” என்று அவர் சிரித்தார். சூசையம்மா எடுத்துக்கொண்டாள். பஸ் டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு வந்து எடுத்துக்கொண்டார். சாமியார் எல்லோர் முன்னாலும் எடுத்துக்கொண்டு, பூப்போல ஒரு தடவை இருமிக் காட்டினார். மாமனார்கள் செருமினார்கள், மருமகள்கள் ஆட்டுமணிகளைத் திரும்ப ஆட்டுக்குக் கட்டப் போவதைப் பற்றிப் பேசினார்கள். நீளமான ஒரு சாயங்காலத்துக்குக் குருசுமேடு முழுக்க இருமல் சத்தம், நடுநடுவே சிரிப்புச் சத்தம்.

கடைசியில் மதலேன் மட்டும் நின்றாள். சந்தியாகுவின் கம்பளி, டார்ச், கிளை நறுக்குகிற கவ்வாத்துக் கத்தரி எல்லாவற்றையும் அவள்தான் எடுத்து வைத்திருந்தாள்.

“அவரோடத நான் எடுத்துக்கலாமாடி?” என்று அமலியைக் கேட்டாள்.

“நீங்கதான எடுத்துக்கணும், பெரியம்மா.”

மதலேன் குனிந்து இழுத்தாள். பழைய லாரி மேடேறியது, அவள் உடம்பு குலுங்கியது, கடைசியில் அவள் தொண்டையிலிருந்தே “ஹூம்” என்று வந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட நான் சொன்னதுக்கு இப்படித் தலையாட்டினதில்ல அந்த மனுசன்,” என்றாள் மதலேன். “இனிமே ஆட்டட்டும்.” செம்பிலிருந்த வெந்நீரை, ஆறுவதற்குள், அவளே குடித்தாள்.

மேகம் தோட்டத்துக்குள் வந்தது. செடி இருமவில்லை. சும்மா நின்றது. செசிலி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வாளி மேல் இருந்த கத்தியை எடுத்து, மறுபடியும் மகளிடம் நீட்டினாள்.

“இப்ப வெட்டு. வெட்டினா வேர் பொழைக்கும். நாளைக்கு உனக்குத் திரும்பப் பெரிசா வந்துச்சுன்னா, கொண்டுபோயி வைக்க ஒரு இடம் வேணுமில்ல?”

அதில் நியாயம் இருந்தது. ஊரும் அப்படித்தான் நினைத்தது. மொட்டின் மேலுறை ஒரு பக்கம் லேசாகப் பிளந்திருந்தது, உள்ளே என்ன நிறம் என்று தெரியவில்லை. அமலி கத்தியை வாங்கி, ஒரு தடவை இருமி, மொட்டையும் அம்மாவையும் பார்த்தாள்.

“இது பூக்கட்டும்மா,” என்று சொல்லிக் கத்தியை வேலியோரம் கிடந்த கூடையில் போட்டாள். மொட்டை வெட்டவில்லை.